அம்மம்மா கிணற்றடியில் பிள்ளைகளைக் காண்கிறா

கோண்டாவில் பேத்தி கேட்கிறேன்:

அம்மம்மாவுக்கு 84 வயது. சலரோகத்தால் கண் பழுதாகி, கிட்டப் போய் நின்றால்தான் முகம் மட்டுக்கட்டுவா. ஒரு மாதமாகப் பின்னேரங்களில் விறாந்தைக் கதிரையில் இருந்தபடி, "ஆரடி அந்தப் பிள்ளையள்? சிவப்புச் சட்டையோட கிணத்தடியில நிக்கினம்" என்று கேட்கிறா. பயப்படவில்லை. நேற்று அவர்களுக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொன்னா. பெரியம்மா நூல் கட்ட வேண்டும் என்கிறா. அண்ணா விசர் தொடங்கிவிட்டது என்கிறான். ஆனால் பென்சன் எடுக்கும் திகதி, எந்தக் குளிசை எப்போது என்பதில் ஒன்றும் பிசகவில்லை. என்ன செய்வது?

மானிப்பாயான்:

எங்கள் ஐயாவும் இப்படித்தான், சுவரில் எறும்பு ஊருது என்று இரவிரவாகக் கத்தினார். கடைசியில் சலத்தில் கிருமி. முதலில் சலத்தைச் சோதியுங்கள்.

இளைப்பாறிய மிஸ்:

தங்கச்சி, மேலே சொன்னது சரி, சோதியுங்கள். திடீரென்று தொடங்கி, இரவு பகல் மாறி, காய்ச்சலும் சம்பந்தமில்லாத பேச்சும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். புதிதாக ஏதும் குளிசை தொடங்கினார்களா என்றும் பாருங்கள்.

அதற்கு முன் அம்மம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் பிள்ளைகள் கதைக்கிறார்களா?

பார்வை குறைந்தவர்களுக்குச் சத்தமில்லாத படம்போல ஆட்கள், பூ வேலைப்பாடு, வேலி எல்லாம் தெரிவதுண்டு. பெயர் சார்ல்ஸ் பொனே நோய்க்குறி. பொனே சுவிஸ்காரர், 1760இல் எழுதியவர். கண்ணில் வெண்புரை வந்த அவருடைய பாட்டனாருக்கு அப்போது வயது 89, புத்தி நல்ல தெளிவு. கண்ணிலிருந்து வரவேண்டியது வராதபோது மூளை சும்மா இருக்காமல் தானே படம் போடுகிறது, அவ்வளவுதான். நூல் கட்டினால் பெரியம்மாவுக்கு நிம்மதி, கண்ணுக்கு ஒன்றும் ஆகாது.

நான் இதைப் பிழையாகத்தான் படித்தேன். நான் நேர்ஸாக இருந்த வாட்டில் ஒரு ஐயா, கட்டிலடியில் ஆடு நிற்கிறது என்றார். "ஒண்டும் இல்லை, படுங்கோ" என்று அதட்டிவிட்டு, குழப்பம் என்று எழுதி வைத்தேன். அடுத்த நாள் ஒன்றும் சொல்லவில்லை. தெளிந்துவிட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும் அன்று மகளிடம் மெல்லச் சொன்னார்: "ஆடு இப்பவும் நிக்குது, மிஸ்ஸிட்ட சொல்லிப்போடாதை."

அதனால் வாதாடாதீர்கள். ஓம் என்று சேர்ந்து தேத்தண்ணியும் ஊற்றாதீர்கள். "எனக்குத் தெரியேல்லை அம்மம்மா, உங்கட கண் காட்டுது" என்றால் போதும். மங்கல் வெளிச்சத்தில் சும்மா இருக்கும்போதுதான் கூட வரும். விறாந்தை லைற்றை நேரத்தோடு போடுங்கள். படம் வந்தால் தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் இடமும் வலமும் சில தரம் ஓட்டச் சொல்லுங்கள், அல்லது கையை நீட்டித் தொடச் சொல்லுங்கள். பலருக்குப் போய்விடும்.

கிட்டப் போகும்போது பெயர் சொல்லிக்கொண்டு போங்கள். கதிரையை இடம் மாற்றாதீர்கள். வெள்ளைக் கோப்பையில் வெள்ளைச் சோறு போட்டால் பாதியை விட்டுவிடுவா, கடும் நிறக் கோப்பை வாங்குங்கள்.

இன்னொன்று. கண்ணைக் கெடுத்த சலரோகம் காலின் உணர்வையும் எடுத்திருக்கலாம். சுடுதண்ணீர் வார்க்கமுன் உங்கள் முழங்கையால் பாருங்கள், அவவின் காலை நம்ப வேண்டாம். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலை, விரலிடுக்கை லைற்றில் பாருங்கள். முள் ஏறினாலும் அவவுக்குத் தெரியாது.

கோண்டாவில் பேத்தி:

மிஸ், சலத்தில் ஒன்றுமில்லை. கேட்டேன்: "ஊமைப் பிள்ளையளடி" என்கிறா. ஆறு மாதமாகத் தெரிகிறதாம், விசர் என்று சொல்வோம் என்று மறைத்திருக்கிறா. லைற் போட்டதும் இரண்டு பேர் குறைந்துவிட்டார்களாம். காலைப் பார்த்தேன், இடது குதியில் ஒரு வெடிப்பு, ஈரமாக இருக்கிறது. எப்போது வந்தது என்று அவவுக்கே தெரியாது.

இளைப்பாறிய மிஸ்:

நாளைக்கே கிளினிக். வெறுங்காலோடு கிணற்றடிக்கு விடாதீர்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள், பிள்ளைகளின் கதையையும் டொக்டரைக்கொண்டு அதில் எழுதுவியுங்கள்.