சாண்ட்லர் வீட்டு அடித்தளத்துக்கு சம்ப் பம்ப்: 4,200 டாலர் நியாயமா?

சாண்ட்லர் சம்சாரி:
அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம், சாண்ட்லரில், அடித்தளம் (தரைக்குக் கீழே அறை) உள்ள பழைய வீடு ஒன்றை வாங்கினோம். இந்த ஊரில் அப்படி வீடு கிடைப்பதே அபூர்வம், கோடைக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்ற ஆசைதான். போன ஜூலையில் புழுதிப்புயலுக்குப் பின்னால் இருபது நிமிடம் மழை கொட்டியது. வெளிப்படிக்கட்டின் அடியில் முழங்கால் வரை தண்ணீர் நின்று, கதவிடுக்கு வழியே உள்ளே வந்து கம்பளம் வீணானது.

படிக்கு அடியில் குழி தோண்டி, அதில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் வைக்க 4,200 டாலர் கேட்கிறார் ஒப்பந்தக்காரர். சென்னையில் சம்ப் என்றால் லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கிற தொட்டி. இங்கே அதே பெயரில் தண்ணீரைத் துரத்தப் போகிறேன் என்றதும் அம்மா போனிலேயே சிரித்துவிட்டார். இந்தத் தொகை சரியா?

வெயில்காய்ந்தவன்:
வருடத்துக்கு ஏழெட்டு அங்குல மழை. மண் மூட்டை நாலு போடுங்கள், போதும்.

மேசா மாமா:
ஏழெட்டு அங்குலம் வருடம் முழுக்கச் சீராகப் பெய்தால் நீங்கள் சொல்வது சரி, தம்பி. 2014 செப்டம்பர் 8 அன்று ஃபீனிக்ஸ் விமான நிலையத்தில் ஒரே நாளில் மூன்று அங்குலத்துக்கு மேல் கொட்டியது. ஐ-10 நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்தன. என் அடித்தளமும் அன்றைக்குத்தான் குளமானது.

சம்சாரி, பம்பின் விலையைப் பார்த்து பயப்படாதீர்கள். மூன்றில் ஒரு குதிரைத்திறன் பம்ப் கடையில் 200 டாலர் சுமாருக்குக் கிடைக்கும். காசெல்லாம் தோண்டுவதில் போகிறது. இங்கே மண்ணுக்கடியில் கலீச்சி என்று ஒன்று உண்டு, நம்மூர் சுக்கான் பாறை மாதிரி. கடப்பாரை எகிறும், இடிக்கும் இயந்திரம்தான் வேண்டும். எனக்குக் குழிக்கே 1,300 ஆனது. தனி மின் இணைப்புக்கு 650. அதனால் மொத்தத் தொகையாக வாங்காமல், தோண்டல், மின்சாரம், குழாய் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தோண்டுவதற்கு முன், மண்ணுக்கடியில் போகும் குழாய், கம்பிகளை அடையாளம் காட்டச் சொல்லி 811 என்ற எண்ணை அழைத்தார்களா என்றும் கேளுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இங்கே நிலத்தடி நீர் பெரும்பாலும் ரொம்ப ஆழத்தில் கிடக்கிறது, கீழிருந்து ஊறியிருக்க வாய்ப்பு குறைவு. பாதி வீடுகளில் கூரை ஓரத்தில் மழைநீரைப் பிடித்து ஒதுக்கிவிடும் தண்ணீர்த் தாரை கிடையாது. குழாயைக் கூரையில் பிடித்துப் பாருங்கள்.

சாண்ட்லர் சம்சாரி:
மாமா, பார்த்தேன்! கூரையின் இரண்டு சரிவும் சேருகிற மூலை நேராகப் படிக்கட்டுக்கு மேலே. அருவி மாதிரி விழுகிறது. தாரை மாட்ட 450 சொல்கிறார்கள். இனி பம்ப் தேவையே இல்லையா?

மேசா மாமா:
தாரையை முதலில் போடுங்கள், மேல்படியில் அரையடி வரப்பும் கட்டுங்கள். இந்த மழைக்காலத்தை அதை வைத்து ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் தேங்கினால் பம்ப் வைக்கலாம். வைத்தால் வெளியேறும் தண்ணீர் உங்கள் கொல்லையின் பள்ளத்துக்கே போகட்டும், பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போனால் சண்டைதான். புயல் என்றாலே கரண்டும் போகும், எனவே பேட்டரி அவசியம். அதை கராஜில் வைக்காதீர்கள். 115 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் இரண்டே வருடத்தில் என்னுடையது செத்தது.

தேள்பிடித்தவள்:
பம்ப் வைப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் எட்டு மாதம் சும்மா கிடந்தது. மழை வந்த அன்றைக்கு, தண்ணீர் ஏறினால் பம்பை ஓடவைக்கும் மிதவை தூசியில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. இப்போது ஜூன் பிறந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டுப் பார்க்கிறோம். குழி மூடியைத் திறக்கும்போது டார்ச் அடியுங்கள், என் பெயர் அங்கேதான் வந்தது.

சாண்ட்லர் சம்சாரி:
தாரை சனிக்கிழமை மாட்டுகிறார்கள். ஒப்பந்தக்காரரிடம் பிரித்துக் கேட்டதும் 4,200 தானாகவே 3,300 ஆகிவிட்டது. பம்ப் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.