விபாசனா: வலிக்குள் போன அந்தச் சில நிமிடங்கள்

விபாசனா தியானத்துக்குப் பத்து நாள் முகாம் போனவர்களுக்கு அதிட்டான அமர்வு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கை, கால், கண் எதையும் அசைக்காமல் ஒரு மணி நேரம், தினமும் 3 முறை. எனக்கு முட்டிதான் பிரச்சினை. ஒருநாள் மாலை, இனி முடியாது என்ற கட்டத்தில் கவனத்தை நேராக அந்த வலிக்குள்ளேயே விட்டேன். அதுவரை ஒரே கட்டியாக இருந்தது சூடு, துடிப்பு, இறுக்கம் என்று பிரிந்துவிட்டது. ஒவ்வொன்றும் வந்தது, போனது. முட்டி வலித்துக்கொண்டேதான் இருந்தது, ஆனால் எழுந்து ஓட வேண்டும் என்ற பதற்றம் இல்லை. சில நிமிடங்கள்தான். வீட்டில் தினமும் உட்காருகிறேன், அது திரும்ப வரவேயில்லை. யாருக்காவது மறுபடி வந்ததா?

* * *

வந்தது. உடம்பு முழுக்க மெல்லிய அதிர்வு ஓடியது, அடுத்த அமர்விலேயே முதுகு இறுகிவிட்டது. அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் அதைத் தேடி உட்காருகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதை விடுங்கள். இந்த முகாம்களைத் தொடங்கிய ஆசிரியர் கோயங்காவின் உரைகளில் திரும்பத் திரும்ப வருவதே இதுதானே: இதமான உணர்வு வந்தால் ஒட்டிக்கொள்ளாதே, கசப்பானது வந்தால் தள்ளாதே. தலை முதல் கால் வரை கவனத்தை நகர்த்துங்கள், முட்டியிலேயே நிற்க வேண்டாம். மனம் அலைந்தால் உடனே ஆனாபானாவுக்குத் திரும்பி, மூக்கு நுனியில் மூச்சை மட்டும் பாருங்கள். முகாமிலேயே முதல் 3 நாள் அதுதானே நடக்கிறது? அப்புறம், இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்கும்படி மெத்தை வையுங்கள். தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்பதை விட்டுவிடாதீர்கள்.

* * *

மேலே எழுதியவரோடு ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. அவர் தேடுகிறார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கேள்விதானே கேட்டிருக்கிறார். பர்மியத் துறவி மகாசி சயாடோவின் முறையில் வலி முன்னால் வந்து நின்றால் அதையே "வலி, வலி" என்று குறித்துப் பார்க்கச் சொல்வார்கள். அதிலேயே நிற்பது தவறில்லை.

நான் அந்த முறையில்தான் தொடங்கினேன். மூச்சோடு வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பது, நடுவில் நடைத் தியானம். மெதுவாக நடந்துகொண்டிருந்தேன்: தூக்குதல், நகர்த்துதல், வைத்தல். திடீரென்று, கால் எழுவதற்கு முன்னால் எழ வேண்டும் என்ற எண்ணம் தனியாகத் தெரிந்தது. எண்ணம் முதலில், கால் பிறகு. அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருடம் நடந்ததெல்லாம் யார் சொல்லி நடந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.

* * *

முறைச் சண்டை இருக்கட்டும். முட்டியில் பழைய காயம் இருந்தால் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லி நாற்காலி கேளுங்கள். முகாமில் மௌனம் என்றாலும் ஆசிரியரிடம் பேசலாம். கால் மரத்துப்போவது வேறு, மூட்டுக்குள் குத்துவது வேறு. எழுந்து நடந்த பிறகும் குத்தல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.