மாசி வீதிப் பழைய வீடு வங்கி ஏலத்தில் வருகிறது: முன்பணம் கட்டலாமா?

கேள்வி:
வணக்கம். மதுரை வடக்கு மாசி வீதியில், தேக்குத் தூண்களும் முற்றமும் மெட்ராஸ் ஒட்டுக் கூரையும் (மர உத்தரங்களின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்த தட்டைக் கூரை) கொண்ட பழைய வீடு ஒன்று, கடன் நிலுவைக்காக வங்கியின் இணையவழி ஏலத்துக்கு வந்திருக்கிறது. பின்கட்டின் கூரை சரிந்துவிட்டது. முன்கட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. சிறுவயதில் அந்தத் திண்ணையில் அமர்ந்து சித்திரைத் தேரைப் பார்த்தவன் என்பதால், அதை இடிக்கவிட எனக்கு மனம் வரவில்லை. எவற்றை முதலில் சரிபார்க்க வேண்டும்?

பதில் 1:
ஐயா, வீடு வங்கியின் நேரடிச் சுவாதீனத்தில் இருக்கிறதா, வெறும் அறிவிப்பு அளவில் மட்டும்தானா என்று கேளுங்கள். பின்னதானால், குடியிருப்பவரிடமிருந்து வீட்டைப் பெறுவதற்கே நெடுநாள் ஆகலாம். வாராக்கடனுக்கு ஈடான சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் நடக்கும் ஏலத்தில், முன்பணத்தையும் சேர்த்து ஏலத்தொகையில் 25 விழுக்காட்டை அன்றோ அடுத்த வேலைநாளிலோ கட்ட வேண்டும். மீதியை, விற்பனை உறுதிசெய்யப்பட்ட 15 நாள்களுக்குள், அல்லது வங்கி எழுத்துமூலம் நீட்டித்த தவணைக்குள் செலுத்தத் தவறினால், கட்டிய பணம் பறிபோகும். வீட்டுக்கடன் வந்துவிடும் என்று நம்பி இறங்கிய நான் அப்படித்தான் முன்பணத்தை இழந்தேன்.

பதில் 2:
வில்லங்கச் சான்றிதழோடு மூலப்பத்திரங்களையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பார்வையிடும் நாளில் அனுபவமுள்ள கொத்தனாரையும் அழைத்துச் செல்லுங்கள். உத்தரத்தின் நுனி சுவருக்குள் புதையும் இடத்தில்தான் ஈரமும் கரையானும் ஒளிந்திருக்கும். சுண்ணாம்புச் சுவரின்மேல் பிற்பாடு சிமெண்ட் பூசியிருந்தால், ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் பொரிந்திருக்கும். அந்தப் பூச்சை உரித்துவிட்டுச் சுண்ணாம்பே பூச வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வாடகைதாரரின் ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுவேன்.