கலிப்பொலி விடியல் அஞ்சலி: யார், எதற்காகப் போகிறார்கள்?

கேள்வி: 1915-இல் கலிப்பொலி தீபகற்பத்தில் போரிட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையை (அன்சாக்) நினைவுகூரும் ஏப்ரல் 25 அஞ்சலிக்காகத் துருக்கிக்கு ஒரு குழுவை அழைத்துப் போகிறேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வருகிற எல்லோருக்கும் நோக்கம் ஒன்றுதானா?

பதில் 1: இல்லவே இல்லை. 1915-இல் இறந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு விழாவைவிடக் கல்லில் பொறித்த பெயர்தான் பெரிது. விரலால் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள். 25-ஆம் தேதி கூட்டத்தில் பெயரைத் தேட முடியாது. அவர்களை முந்தைய நாளே கூட்டிப் போங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத் தளத்தில் பலகை எண்ணை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். கல்லறை தெரியாத ஆஸ்திரேலியர் பலரின் பெயர் அங்குள்ள லோன் பைன் நினைவிடத்தில் இருக்கிறது.

இளைஞர்களுக்கு விடியல் அஞ்சலி நடக்கும் நார்த் பீச் கடற்கரையில் திறந்தவெளியில் விழித்திருக்கும் அந்த இரவுதான் ஈர்ப்பு. கடற்காற்று எலும்பைத் துளைக்கும். கம்பளித் தொப்பி, உறக்கப்பை கட்டாயம். விடிந்ததும் லோன் பைனுக்கு மேட்டில் ஏற வேண்டும். நியூசிலாந்துக்காரர்கள் அதையும் தாண்டித் தங்கள் நினைவிடம் உள்ள சுனுக் பாயிர் குன்றுக்குப் போவார்கள். தூக்கமில்லாமல் ஏறுவதால் முதியவர்கள் இங்கேதான் தளர்ந்துபோகிறார்கள்.

பதில் 2: துருக்கியரை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு முதன்மை நாள் மார்ச் 18, கடற்போரில் வென்ற நாள். ஏப்ரல் 25 விடியலில் அவர்களின் இளைஞர்கள் அன்சாக் படையை எதிர்த்து நின்ற துருக்கியரின் 57-ஆவது ரெஜிமென்ட்டின் (படைப்பிரிவு) நினைவாக நடக்கிறார்கள்.

இதே போரில் பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டு இறந்த இந்திய வீரர்களின் பெயர்களைப் பார்க்க விரும்பினால், தீபகற்பத்தின் தென்முனையில் உள்ள ஹெலஸ் நினைவுத்தூணுக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். அன்றே போக முயன்றால் சாலைக் கட்டுப்பாட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.