முதுமையியல் முதுகலை: சேர்ந்தாயிற்று (புதுப்பிப்பு)

பிசியோதெரபி வேலையை விடாமல் முதுமையியலில் முதுகலை படிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ‘அது டாக்டர்களுக்குத்தானே?’ என்றார்கள் சிலர். டாக்டர்கள் படிப்பது முதியோர் மருத்துவம். முதுமையியலில் உடம்போடு மனம், குடும்பம், பணம், அரசுக் கொள்கை எல்லாம் வரும். சரி, சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டேன்.

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை எங்களுக்கு அன்றாடம். 12 வினாடியைத் தொட்டால் விழும் அபாயம் என்று குறிப்போம். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் காப்பிக்கடைக்குப் போவதையே பெரியவர் நிறுத்துவார்; நடக்காததால் கால் இன்னும் தளரும். அந்தப் பயத்தை எப்படி அளப்பது என்று வகுப்பில் ஒரு மாலை முழுக்க அலசினோம். அதற்கே காசு தகும்!

கட்டணம் கடிக்கத்தான் செய்கிறது. அப்புறம், புள்ளியியல் மறந்தே போச்சு. எளிய பாடக்குறிப்பு இருந்தால் அனுப்புங்கள்.