பூட்டியின் விபரம் எடுக்க அம்பாறையா, மட்டக்களப்பா?

வாவிக்கரை: தாய்வழிப் பூட்டியின் (அம்மம்மாவின் தாய்) விபரம் தேடுறேன். பிறந்தது திருக்கோவில் பக்கம் (இப்ப அம்பாறை மாவட்டம்), கலியாணம் முடிச்சு இருந்தது கொக்கட்டிச்சோலை (மட்டக்களப்பு மாவட்டம்). பிறந்த திகதியும் தெரியாது, பதிவு இலக்கமும் இல்லை. கையில் இருக்கிறது அம்மம்மாவின் பிறப்புச் சான்றிதழும் ஒரு பழைய சீதன உறுதியும் (சீதனமாகக் கொடுத்த காணியின் பத்திரம்)தான். எந்தக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகணும்?

பனிச்சையடி: அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதுக்கு முந்தின திருக்கோவில் பிறப்பெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தில் பதிஞ்சதுதான். முதலில் திருக்கோவில் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவில் விசாரிங்க, புத்தகம் அங்கே இல்லையென்றால் மட்டக்களப்பு.

ஆனால் பிறப்பில் தொடங்காதீங்க. இலக்கம் இல்லாமல் தேடச் சொன்னால் குறுகிய காலத்துக்குத்தான் புத்தகம் பார்ப்பாங்க; "1910க்கும் 1920க்கும் இடையில்" என்று எழுதினால் விண்ணப்பம் திரும்பி வரலாம். மரணப் பதிவை முதலில் எடுங்க. அதில் வயதும் தாய் தகப்பன் பெயரும் இருக்கும். வயது, அறிவித்தவர் மதிப்பாகச் சொன்னது. 70, 75 என்று முழுசாக இருந்தால் ஐந்து வருஷம் முன்னே பின்னே பாருங்க.

அம்மம்மாவின் சான்றிதழில் "பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா" என்ற கட்டத்தில் "இல்லை" என்று இருந்தால் பெரும்பாலும் சடங்குக் கலியாணம், பதியவில்லை என்றுதான் கருத்து. விவாகப் பதிவேட்டில் தேடிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

எழுவான்கரை: உங்களிட்ட இருக்கிற பெரிய சொத்து அந்தச் சீதன உறுதிதான். எங்கட பக்கம் வீடும் வளவும் (வீட்டைச் சுற்றின காணி) மகளுக்குப் போறதால், உறுதிகளைப் பின்னுக்குப் பின்னாகப் பிடித்தால் பெண்வழி தானாக வரும். மூன்று இடத்தை வாசிங்க. கொடுத்தவருக்குக் காணி எப்படி வந்தது என்ற பந்தி: முந்தின உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசு (உறுதி எழுதின சட்ட அலுவலர்) பெயர். பின்பக்க முத்திரை: காணிப் பதிவகத் தொகுதியும் பக்கமும். கடைசியாக எல்லைகள். "வடக்கு: இன்னாரின் வளவு" என்று ஒரு பெண் பெயர் இருந்தால் கவனிங்க. ஒரே வளவை மகள்மாருக்குப் பிரிச்சுக் கொடுக்கிறது வழக்கம், பக்கத்து வளவுக்காரி பூட்டியின் தங்கச்சியாகவே இருக்கலாம்.

வட்டைக்காரன்: வயசானவங்களிட்ட "எந்த வருஷம்" என்று கேட்டால் பதில் வராது. "57 வெள்ளத்துக்கு முந்தியா, பிந்தியா? 78 சூறாவளி நேரம் இருந்தாவா?" என்று கேளுங்க. வீட்டில் கூப்பிட்ட பெயரையும் தனியாக எழுதுங்க, பதிவில் பெரும்பாலும் வேறு பெயர் இருக்கும். மச்சான் மச்சாள் முடிக்கிற ஊர், அதனால் ஒரே ஆள் இரண்டு வழியிலும் வருவார். "மாமி" என்றால் தகப்பனின் சகோதரியா, மாமனின் மனைவியா என்று கேட்டே எழுதணும்.

குடியை மறக்காதீங்க. குடி என்றால் எங்கட பக்கத்துக் குலப் பிரிவு, அது தாய்வழி. உங்கட அம்மாவின் குடிதான் பூட்டியின் குடியும். திருக்கோவிலில் அதே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தால், எவ உங்கட ஆள் என்று பிரிக்க அதுதான் உதவும். கோயில் வண்ணக்கரிட்ட (கோயில் நிர்வாகி) அந்தக் குடிக்குரிய திருவிழாவையும் கேளுங்க. திருவிழாச் செலவை ஏற்கிற உபயகாரக் குடும்பங்களில் உங்கட சொந்தம் இருக்கும்.

வாவிக்கரை: நன்றி. உறுதியில் "முதுசமாகக் கிடைத்தது" (பரம்பரையாக வந்தது) என்று மட்டும் இருக்கு. முந்தின இலக்கம் இல்லை.

எழுவான்கரை: அப்ப அதுக்கு முந்தி உறுதி எழுதாமல் இருந்திருக்கலாம். பதிவகத்தில் அந்தப் பக்கத்தையே பாருங்க, அதே காணியில் மற்றப் பிள்ளைகள் எழுதின உறுதிகளும் அதில் வரும். அவற்றில் ஒன்றிலாவது முதுசம் யாரிடமிருந்து என்று பெயர் சொல்லியிருப்பாங்க.