வேபரின் 'மாக்ட்', 'ஹெர்ஷாஃப்ட்': தமிழில் இரண்டு சொல் தேவை

சமூகவியலாளர் மாக்ஸ் வேபரை ஜெர்மனிலிருந்து நேராகத் தமிழாக்கும் வேலை இந்த இரண்டு சொற்களில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை மெய்ப்பு போகவேண்டும்.

'மாக்ட்' என்றால், ஒரு சமூக உறவில் எதிர்ப்பு இருந்தாலும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு. அந்த வாய்ப்பு எதனால் வந்தது என்பது பொருட்டல்ல. 'ஹெர்ஷாஃப்ட்' இன்னும் குறுகலானது: இட்ட கட்டளைக்குக் குறிப்பிட்ட ஆட்கள் கீழ்ப்படியும் வாய்ப்பு.

இரண்டுக்கும் 'அதிகாரம்' போட்டுப் பார்த்தாயிற்று, வேறுபாடே அழிந்துவிடுகிறது. மாக்டுக்கு 'ஆற்றல்' வைத்தால் இயற்பியல் வாடை. ஹெர்ஷாஃப்டுக்கு 'ஆட்சி' என்றால் பொருள் அரசாங்கத்தோடு நின்றுவிடுகிறது, வேபரோ குடும்பத் தலைவரையும் சேர்த்தே பேசுகிறார். 'ஆதிக்கம்' மிக அருகில் வருகிறது. ஆனால் சாதி ஆதிக்கம், அந்நிய ஆதிக்கம் என்றே கேட்டுப் பழகிய காதுக்கு 'முறைமையான ஆதிக்கம்', அதாவது கீழ்ப்படிபவர்கள் நியாயமென்று ஏற்கும் ஆதிக்கம், முரணாக ஒலிக்கும். சட்டவழி, மரபுவழி, தனிக்கவர்ச்சிவழி என்று அவர் பிரிக்கும் 3 வகைகளுமே முறைமையானவை. சொல் அங்கேதான் உடைகிறது. ஆங்கிலத்தைப் பார்த்தும் பயனில்லை, 'அத்தாரிட்டி' என்பார் ஒருவர், 'டாமினேஷன்' என்பார் இன்னொருவர்.

மாக்டுக்கு 'அதிகாரம்' என்று வைத்துக்கொண்டால், 'அதிகாரிவர்க்க', 'மரபுவழி' போன்ற அடைகளோடும் இயல்பாக ஒட்டக்கூடிய எந்தச் சொல்லை ஹெர்ஷாஃப்டுக்கு வைக்கலாம்?